புதுப்பிப்பு: போர்ட் 7, 19 இடையே தாவும் மேக் முகவரிகள்

அட்டன் பக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் கமராவினதும் பிரிண்டரினதும் மேக் முகவரிகள் (நெட்வொர்க் கருவிகளின் அடையாள எண்கள்) பிரதான நெட்வொர்க் சுவிட்சின் 7ஆம், 19ஆம் போர்ட்டுகளில் மாறி மாறித் தெரிவதாக எழுதியிருந்தேன். காரணம் லூப், அதாவது வயர்கள் வளையமாகி, அனுப்பிய தரவு அதே சுவிட்சுக்குத் திரும்பி வருவது.

கொழுந்து வாட்டும் மாடியிலுள்ள ஐந்து போர்ட் சாதா சுவிட்சிலிருந்து சுவரின் இரண்டு சொக்கெட்டுகளுக்கும் வயர் போயிருந்தது; அவை பிரதான சுவிட்சின் 7க்கும் 19க்கும் போகின்றன. 7இல் வெளியேறும் பிரோட்காஸ்ட் (எல்லாக் கருவிகளுக்கும் போகும் செய்தி) 19இல் திரும்பி வரும். அனுப்பிய கருவி அங்கேதான் இருக்கிறதென்று சுவிட்ச் பதிந்துகொள்ளும். மறுபக்கமாகவும் அப்படியே. அதனால்தான் உண்மையில் 3இல் இருக்கும் பிரிண்டரும் தாவியது.

19ஐ ஷட்டவுன் செய்ததும் நின்றது. மேக் டேபிளை (எந்த முகவரி எந்தப் போர்ட்டில் என்ற சுவிட்சின் பட்டியலை) மட்டும் அழிப்பது வீண், நொடியில் திரும்பிவிடும்.

லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சில மலிவு சுவிட்சுகள், ஸ்பானிங் ட்ரீ லூப்பைக் கண்டறிய அனுப்பும் பிபிடியு செய்தியை விழுங்கிவிடும். அப்போது, பிபிடியு வந்தால் போர்ட்டை மூடும் பிபிடியு கார்டும் உதவாது. ஆகவே பாவனையாளர் போர்ட்டுகளில், லூப்பைத் தானே கண்டறியும் லூப்பேக் டிடெக்‌ஷனும் பிரோட்காஸ்ட் வெள்ளத்தை மட்டுப்படுத்தும் ஸ்டோர்ம் கன்ட்ரோலும் போட்டாயிற்று.

காரணம் மழை ஈரம் என்று சிலர் சொன்னீர்கள். ஈரம் ஏறினால் சிஆர்சி பிழை (வழியில் தரவு சிதைவது) கூடும், லிங்க் விழும். முகவரி இடம் மாறாது.

ஒரு போனின் முகவரி மட்டும் இரண்டு வைஃபை அக்சஸ் பொயின்ட் போர்ட்டுகளிடையே எப்போதாவது நகர்ந்தால் விட்டுவிடுங்கள், ஆள் நடக்கிறார்.