ஸாட்டோபெக்கின் 400 மீட்டர் பயிற்சி: நமக்கு ஒத்துவருமா?

வளவன்:
செக்கோஸ்லோவாக்கிய ஓட்டக்காரர் எமில் ஸாட்டோபெக் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 10,000 மீ, 5,000 மீ, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார். அதுதான் அவருடைய முதல் மாரத்தான். நீண்ட ஓட்டமே ஓடாமல் வெறும் 400 மீட்டர் வேக ஓட்டங்களை வைத்து எப்படித் தாக்குப்பிடித்தார்? 10 கி.மீ.யை 50 நிமிடத்தில் ஓடுபவர் அதையே செய்யலாமா?

சுற்றுக்கணக்கு:
"நீண்ட ஓட்டமே ஓடாமல்" என்பதில்தான் கணக்கு தப்புகிறது. 1948 வாக்கில் அவருடைய ஒரு நாள் பயிற்சி 5×200 (ஐந்து முறை 200 மீ), 20×400, மறுபடி 5×200. வேக ஓட்டம் மட்டுமே 10 கி.மீ. இடையில் உட்கார மாட்டார். 200 மீ மெதுவோட்டம்தான் ஓய்வு. 29 இடைவெளிக்கு 5.8 கி.மீ. ஆக, நிற்காமல் கிட்டத்தட்ட 16 கி.மீ. பிற்பாடு 400-ஐ நாற்பதாக்கினார். மெதுவோட்டத்தையும் சேர்த்தால் அந்த நாற்பது மட்டுமே 23.8 கி.மீ. இது நீண்ட ஓட்டம் இல்லையென்றால் வேறு எது?

ஹெல்சிங்கி மாரத்தானில் அவர் நேரம் 2:23:03.2. 400 மீ சுற்றுக்கு 81 வினாடி. ஒரு வாரம் முன்பு அங்கேயே 10,000-ஐ 29:17.0-இல், அதாவது சுற்றுக்கு 70 வினாடியில் முடித்திருந்தார். சுற்றுக்குக் கையிருப்பு 11 வினாடி. ஆறு வாரம் முன்னால் மாரத்தானை 2:20:42-இல் ஓடியிருந்த பிரிட்டன்காரர் ஜிம் பீட்டர்ஸ் எடுத்த எடுப்பிலேயே வேகம் கூட்டினார், 30 கி.மீ.க்கு மேல் முடியாமல் விலகிவிட்டார்.

ஓடுகாலி_42:
50 நிமிடக்காரருக்கு 10 கி.மீ. வேகம் சுற்றுக்கு 2:00. 15 நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு 8×400, ஒவ்வொன்றும் 1:55 முதல் 2:00-க்குள். இடையே 200 மீ மெதுவோட்டம், 90 வினாடியில். வாரத்துக்கு ஒரு நாள் போதும்; ஒவ்வொரு வாரமும் இரண்டு கூட்டி 16-இல் நிறுத்துங்கள். ஏதாவது ஒரு சுற்று முதல் சுற்றைவிட 5 வினாடிக்கு மேல் தாமதமானால் அன்றைக்கு அத்தோடு சரி.

பலரும் சறுக்குவது முதல் மூன்று சுற்றில். கால் புதுசாக இருப்பதால் 1:45-இல் பறப்பார்கள், அப்புறம் மெதுவோட்டம் நடையாகிவிடும். நடந்துவிட்டால் இது வேறு பயிற்சி. தடகளத்தில் எப்போதும் இடப்பக்கமே வளைவதால் முன்னங்கால் எலும்பும் குதிகால் தசைநாரும் முதலில் முனகும். சூடாக்கும் ஓட்டத்தை எதிர்த்திசையில் ஓடுங்கள். ஆள் அதிகமாக இருந்தால் மட்டும் வேண்டாம், மோதிக்கொள்வீர்கள்.

சுற்றுக்கணக்கு:
ஒன்று விட்டுப்போச்சு. ஸாட்டோபெக்கும் ஒருமுறை தேவையில்லாமல் வேகம் கூட்டினார். 1948 லண்டனில் 5,000 மீ தகுதிச் சுற்றில், இறுதிப் போட்டிக்குப் போவது உறுதியான பிறகும் ஸ்வீடன்காரர் ஆல்டேனோடு கடைசிச் சுற்றில் வீண் போட்டி போட்டார். இறுதிப் போட்டியில் பெல்ஜியத்தின் ரைஃப் 0.2 வினாடியில் தங்கத்தைத் தட்டிக்கொண்டு போனார். தகுதிச் சுற்றின் களைப்புதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன், கடைசி வேக ஓட்டத்தை ஸாட்டோபெக் தொடங்கியதே தாமதம். ஆனாலும் 0.2 வினாடி பின்தங்க அந்தக் களைப்பே போதும்.

வளவன்:
நன்றி. ராணுவ பூட்ஸ் போட்டு ஓடினாராமே, அதுவும் பலன் தருமா?

ஓடுகாலி_42:
பனியிலும் காட்டுப் பாதையிலும் வழுக்காமல் இருக்க அது அவருக்கு வசதி. கனமான காலணி அடியெடுப்பைக் குறுக்கும், கெண்டைக்கால் இறுகும். உங்களுக்குக் கால் வலுப்பெற வேண்டுமென்றால் மேட்டில் 6×60 மீ ஏறி, நடந்து இறங்குங்கள்.