ஹாம் ரேடியோவில் 5 வாட் சிடபிள்யூ (மோர்ஸ்): ஐரோப்பாவுக்குக் கேட்கவில்லை, குறை எங்கே?

மாடிக்கம்பி:
வணக்கம். 20 மீட்டர் பேண்ட், 14.060 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி, 5 வாட் சிடபிள்யூ செட். மொட்டை மாடியில் 4 மீட்டர் பைப், அதில் இன்வெர்டெட்-வி (உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சரியும் கம்பி ஆன்டெனா), ஒரு கை 5.08 மீட்டர். கீழ் அறைக்கு ஆர்ஜி-174 (மெல்லிய கோஆக்சியல்) கேபிள் 25 மீட்டர். செட் பக்கம் எஸ்டபிள்யூஆர் (திரும்பி வரும் அலையைக் காட்டும் விகிதம்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.2. சாயங்காலம் ஐரோப்பிய ஸ்டேஷன்கள் நன்றாகக் கேட்கின்றன, கூப்பிட்டால் ஒருவரும் திரும்புவதில்லை. 50 வாட் ஆம்ப்ளிஃபையர் கட்டிவிடலாமா?

சோக்கு_சுற்றி:
அவசரப்படாதீங்க ஓஎம் (நண்பரே). ஆர்ஜி-174 அந்த நீளத்துக்கு 14 மெகாஹெர்ட்ஸில் 3 டெசிபலுக்கு மேல் விழுங்கும். மேலே போய்ச் சேருவது 2.5 வாட்டுக்கும் குறைவு. அந்த 1.2-ஐயும் நம்ப வேண்டாம். நஷ்டம் அதிகமான கேபிளில் திரும்பி வரும் அலையும் வழியிலேயே தேய்ந்துவிடும்; ஆன்டெனா முனையில் 2 இருந்தாலும் கீழே 1.4 என்றுதான் காட்டும். மேலே ஏறி, ஃபீட்பாயின்டிலேயே (கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடம்) அளந்து கையை வெட்டுங்கள்.

கேபிளுக்கு டிஷ் ஆன்டெனாவுக்குப் போடும் ஆர்ஜி-6 போதும், நஷ்டம் 1 டெசிபலுக்குள் அடங்கும். 75 ஓம் என்று பயப்பட வேண்டியதில்லை. ஃபோம் வகையில் 8.8 மீட்டரின் மடங்காக (17.6, 26.4) வெட்டினால் மேலே உள்ள இம்பீடன்ஸ் (ஓம் கணக்கிலான மின்மறுப்பு) கிட்டத்தட்ட அப்படியே செட்டுக்கு வரும்.

பழைய ஆர்ஜி-174-ஐத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு மீட்டர் வெட்டி எஃப்டி140-43 ஃபெரைட் வளையத்தில் 11 சுற்று சுற்றி ஃபீட்பாயின்டில் வையுங்கள், கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் வேண்டாத மின்னோட்டத்தைத் தடுக்கும் நல்ல சோக்.

பேட்டரியையும் பாருங்கள். 13.8 வோல்ட்டில் 5 வாட் தரும் செட், 11.5-க்கு இறங்கினால் 3.5 வாட்தான் தரும்.

கிரேலைன்:
மேலே சொன்னதோடு திசை. நம்மூரிலிருந்து ஐரோப்பா வடமேற்கு. கம்பி வடகிழக்கு-தென்மேற்காக ஓட வேண்டும். 4 மீட்டர் உயரம் 20 மீட்டர் பேண்டுக்குக் கால் அலைகூட இல்லை, சக்தி பெரும்பாலும் வானத்துக்குச் செங்குத்தாகப் போகிறது. பைப்பை 8-10 மீட்டருக்கு ஏற்ற முடிந்தால் அதுதான் முதல் வேலை. முடியாவிட்டால் அதே ஃபீட்பாயின்டில் 10 மீட்டர் பேண்டுக்கு இன்னொரு ஜோடி கை கட்டுங்கள்: 2.65 மீட்டரில் தொடங்கி வெட்டிக் குறைக்கலாம். சூரியப் புள்ளிகள் அதிகமுள்ள காலத்தில் பிற்பகலில் 28.060 திறந்தால், டி-அடுக்கில் (பகலில் அலையை உறிஞ்சும் கீழ் வான அடுக்கு) இழப்பு குறைவு. சின்ன செட்டுக்கு அதைவிடத் தோதான பேண்ட் கிடையாது.

கூப்பிடும் முறையும் முக்கியம். கூட்டத்தில் எல்லோரும் ஒரே சுருதியில் நின்றால் எதிர்முனைக்கு ஒற்றை இரைச்சல்தான். 50-100 ஹெர்ட்ஸ் தள்ளி நில்லுங்கள். அவர் 'அப்' என்றால் ஸ்ப்ளிட் போட்டு (கேட்பது ஓர் அலைவரிசை, அனுப்புவது வேறு) 1-2 கிலோஹெர்ட்ஸ் மேலே. கால்சைனோடு (நம் அழைப்புக் குறி) '/கியூஆர்பி' (குறைந்த சக்தி) என்று ஒட்ட வேண்டாம். ஏற்கெனவே மெலிந்த சிக்னலில் இன்னும் நாலு எழுத்து எதற்கு? நவம்பர் கடைசியில் நடக்கும் சிகியூ டபிள்யூடபிள்யூ சிடபிள்யூ என்ற உலக அளவிலான மோர்ஸ் போட்டியில் ஞாயிறு மாலை கூப்பிடுங்கள். பெரிய ஸ்டேஷன்கள் புதுப் புள்ளிக்கு அலையும் நேரம், போட்டிக் கணக்கில் இந்தியாவில் நாம் இருப்பது மண்டலம் 22, தேடிப் பிடிப்பார்கள்.

மாடிக்கம்பி:
நன்றி. ஆர்ஜி-6 வெளிப்பின்னலில் சால்டர் ஒட்டவே மாட்டேன் என்கிறதே? மாற்றியபின் பலன் தெரிந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

சோக்கு_சுற்றி:
பின்னல் அலுமினியம், சாதாரண சால்டர் பிடிக்காது. எஃப்-கனெக்டர் கிரிம்ப் செய்து, பெட்டியில் எஃப்-சாக்கெட் மாட்டி, அதன் பின்பக்கம் சால்டர் செய்யுங்கள். வாங்கும்போது நடுக்கம்பியில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே எஃகு, மேலே செம்புப் பூச்சுதான். 20 மீட்டர் பேண்டில் நஷ்டம் கொஞ்சம் கூடும். முழுச் செம்பு கிடைத்தால் அதையே எடுங்கள். கனெக்டர் மேல் ரப்பர் டேப் கட்டாயம், ஃபோமுக்குள் மழைநீர் இறங்கினால் கேபிள் போச்சு.

பலன் பார்க்க ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க். 'சிகியூ சிகியூ டிஇ' (எல்லோருக்கும் அழைப்பு, இன்னாரிடமிருந்து) போட்டு கால்சைனை இரண்டு முறை அடித்தால் உலகெங்கும் உள்ள ஸ்கிம்மர்கள் (மோர்ஸைத் தானாகப் படிக்கும் ரிசீவர்கள்) டெசிபல் கணக்கோடு பதிவு செய்யும். ஒரு நாள் அளவை நம்ப வேண்டாம், பேண்ட் மாறிக்கொண்டே இருக்கும். பழைய கேபிளையும் புதியதையும் ஐந்து நிமிட இடைவெளியில் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே ஸ்கிம்மரின் எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். 73 (வாழ்த்துகள்).