சிங்க்ரனஸ் மோட்டார்: ஸ்டார்ட் ஆகும்போது ஃபீல்டுக்கு டிசி எப்போது கொடுப்பது?

மூன்றுபேஸ்:
சிங்க்ரனஸ் மோட்டார் லோடு கூடினாலும் குறைந்தாலும் ஒரே வேகத்தில் ஓடும் என்பது தெரியும். ஆனால் ஸ்டேட்டருக்கு (சுற்றாத வெளிப்பகுதிக்கு) சப்ளை கொடுத்ததும் ஏன் தானாகச் சுற்றத் தொடங்குவதில்லை? ஃபீல்டுக்கு (சுழலும் ரோட்டாரில் உள்ள சுருளுக்கு) டிசியை முன்கூட்டியே கொடுத்தால் என்ன ஆகும்? இன்டக்‌ஷன் மோட்டார் இவ்வளவு எளிதாக இருக்கும்போது கம்ப்ரசருக்கும் பால் மில்லுக்கும் (குண்டுகளால் அரைக்கும் ஆலை, ball mill) இதை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? ரோட்டாருக்கு டிசியைக் கொண்டுபோகும் ஸ்லிப் ரிங், பிரஷ் உள்ள வகையை வைத்தே விளக்கினால் போதும்.

சுருள்:
ஸ்டேட்டரின் காந்தப்புலம் சுற்றும் வேகம் = 120 × ஹெர்ட்ஸ் ÷ போல் (காந்த முனை) எண்ணிக்கை. 50 ஹெர்ட்ஸில் 4 போலுக்கு 1500 ஆர்பிஎம், 24 போலுக்கு 250. நிற்கிற ரோட்டாருக்கு டிசி கொடுத்தால், கடந்துபோகும் புலம் அதை 10 மில்லிசெகண்ட் ஒரு பக்கம் இழுக்கும், அடுத்த 10 மில்லிசெகண்ட் எதிர்ப்பக்கம் இழுக்கும். அவ்வளவு கனமான ரோட்டார் அதற்குள் எங்கே நகரும்? சராசரி டார்க் பூஜ்யம். உறுமும், அதிரும், கரண்ட் எகிறும்.

அதற்காகத்தான் போல் முகங்களில் டேம்பர் வைண்டிங் இருக்கிறது. செம்பு அல்லது பித்தளைக் கம்பிகளை இரு முனையிலும் வளையத்தால் இணைத்திருப்பார்கள். டிசி இல்லாமல் இதை வைத்து இன்டக்‌ஷன் மோட்டாராகவே வேகம் பிடிக்க வைக்க வேண்டும்.

இந்த நேரத்தில் ஃபீல்டு சர்க்யூட் திறந்திருக்கவே கூடாது. அதில் சுற்றுகள் நிறைய. டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரி போல ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்பட்டு இன்சுலேஷன் போய்விடும். நேராக ஷார்ட் செய்தாலும் பாதி வேகத்தை ஒட்டி டார்க் குறைந்து அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். எனவே ஃபீல்டு ரெசிஸ்டன்ஸைப்போல் பல மடங்கு மதிப்புள்ள டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் வழியாக மூடி வைப்பார்கள்.

ஃபீல்டில் தூண்டப்படும் கரண்டின் அலைவெண் தொடக்கத்தில் 50 ஹெர்ட்ஸ். 95% வேகத்தில் 2.5 ஹெர்ட்ஸ். ரிலே கவனிப்பது இதைத்தான். வேகம் 95%-ஐத் தாண்டியதும், அலையின் சரியான கட்டம் பார்த்து டிசியைக் கொடுத்து ரெசிஸ்டரை விலக்கும். ரோட்டார் அங்கே பூட்டிக்கொள்ளும். இனர்ஷியா பெரிதாக இருந்தால் 95% போதாது, இன்னும் நெருங்க வேண்டும். 80%-இல் கொடுத்துவிட்டால் போல்கள் வழுக்கும். அம்மீட்டர் முள் முன்னும் பின்னும் ஆடும், ஒவ்வொரு வழுக்கலிலும் ஷாஃப்ட்டும் கப்ளிங்கும் அடி வாங்கும்.

மில்_மெயின்டெனன்ஸ்:
மேலே சொன்னது முழுக்கச் சரி. நடைமுறையில் பழுது வரும் இடங்களைச் சேர்க்கிறேன்.

ஓடும்போது டிசி போய்விட்டால் மோட்டார் உடனே நிற்காது. சிங்க்ரனிசம் இழந்து டேம்பரிலேயே லோடை இழுத்துக்கொண்டிருக்கும். டேம்பர் சில நொடி ஸ்டார்ட்டிங்குக்காகச் செய்தது. தொடர்ந்து ஓடினால் கம்பி சூடேறி, எண்ட் ரிங்கோடு சேரும் பிரேசிங் விரிசல் விடும். ஃபீல்டு லாஸ், அவுட் ஆஃப் ஸ்டெப் ரிலேக்களை எக்காரணத்தாலும் பைபாஸ் செய்யாதீர்கள். அடுத்தடுத்து ஸ்டார்ட் கொடுத்தாலும் இதே சேதம்தான். நேம்பிளேட்டில் உள்ள ஸ்டார்ட் எண்ணிக்கையை மீற வேண்டாம்.

இரண்டு ஸ்லிப் ரிங்கும் சமமாகத் தேயாது. பெரிய ஷட்டவுனில் டிசி போலாரிட்டியை மாற்றிப் போட்டால் தேய்மானம் பங்கிடப்படும். பிரஷ் இல்லாத எக்சைட்டர் வகை (ஷாஃப்ட்டோடு சுற்றும் டயோடுகள் வழியாக டிசி தருவது) என்றால், ஃபீல்டை மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்ட்) செய்வதற்கு முன் சுழலும் டயோடுகளைக் கழற்றுங்கள் அல்லது ஷார்ட் செய்யுங்கள். இல்லையென்றால் டெஸ்ட் வோல்டேஜே அவற்றைக் கொன்றுவிடும்.

பவர்_ஃபேக்டர்:
மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வேகம் குறைந்த, போல் அதிகமான இன்டக்‌ஷன் மோட்டார் நிறைய காந்தமாக்கும் கரண்ட் இழுக்கும். பவர் ஃபேக்டர் (இழுக்கும் மொத்த மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) மோசமாக இருக்கும். சிங்க்ரனஸில் அந்தக் காந்தத்தை டிசியே தருகிறது. டிசியைக் கூட்டினால் லீடிங்காகவும் (கரண்ட் வோல்டேஜுக்கு முந்தி) ஓடும்.

ஒரு ஆலையில் 1000 கிலோவாட், 0.8 லேகிங் (கரண்ட் வோல்டேஜுக்குப் பிந்தி) என்று வையுங்கள். ரியாக்டிவ் பவர் (வேலை செய்யாமல் போய்வரும் பவர்) 750 கிலோவார். 300 கிலோவாட் இழுக்கும் இன்டக்‌ஷன் மோட்டாரை 0.85 லேகிங்கில் சேர்த்தால் மொத்தம் 0.81. அதே 300-ஐ 0.8 லீடிங் சிங்க்ரனஸாகப் போட்டால் 225 கிலோவார் கழிந்து 0.93 ஆகிவிடும்.

வோல்டேஜ் சரிவையும் இது நன்றாகத் தாங்கும். 20% சரிந்தால் இன்டக்‌ஷனின் உச்ச டார்க் 64% ஆகும். இதில் டிசி மாறாமல் இருந்தால் சுமார் 80%. ஆனால் பவர் ஃபேக்டருக்காக மட்டும் வாங்காதீர்கள், அதற்கு கபாசிட்டர் பேங்க்கே மலிவு. பெரிய, மெதுவான, நாள் முழுக்க ஓடும் லோடு என்றால்தான் கணக்கு கட்டும்.

மூன்றுபேஸ்:
மிக்க நன்றி. நிரந்தரக் காந்த ரோட்டாருக்கும் இதே முறைதானா?

சுருள்:
இல்லை. டேம்பர் போன்ற கேஜ் இல்லாத வகையை நேரடியாக 50 ஹெர்ட்ஸில் போட்டால் அதிருமே தவிர ஓடாது. டிரைவ் வேண்டும், அது பூஜ்யத்திலிருந்தே அலைவெண்ணை ஏற்றிக் கூட்டிப்போகும். மின்வாகனம், கியர் இல்லாத லிஃப்ட், சர்வோ எல்லாம் இப்படித்தான். சர்வோவில் என்கோடரை (ரோட்டார் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சென்சாரை) மாற்றினால் ஆஃப்செட்டை (ரோட்டார் காந்தத்துக்கும் அதன் அளவீட்டுக்கும் உள்ள கோண வித்தியாசத்தை) மறுபடி அமைத்தே தீர வேண்டும். தவறினால் கரண்ட் ஏறியும் டார்க் வராது, சில நேரம் எதிர்த்திசையில் பாயும். இந்தக் காந்தத்தை அணைக்கவும் வழியில்லை: சப்ளையைத் துண்டித்த பிறகும் ஷாஃப்ட் சுற்றும் வரை டெர்மினலில் வோல்டேஜ் இருக்கும். ஷாஃப்ட்டைப் பூட்டிவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.