சுவரொட்டியில் இருந்து வந்த பாடல்: முதன்முதலாகக் கேட்ட அனுபவங்கள்

கல்லூரி விடுதியில் அறைத்தோழனின் கேசட்டில்தான் பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் 'பீயிங் ஃபார் தி பெனிஃபிட் ஆஃப் மிஸ்டர் கைட்' பாடலைக் கேட்டேன். குதிரை வால்ட்ஸ் நடனம் ஆடுகிறது, ஒருவர் எரியும் பீப்பாய்க்குள் பாய்கிறார், பின்னணியில் ராட்டினத்து இசை தலையைச் சுற்றவைக்கிறது. இவ்வளவும் போதையில் பிறந்த கற்பனை என்று நானே முடிவுகட்டி, ஜூனியர் மாணவர்களுக்கு வரிவரியாக உட்பொருளும் சொல்லிவந்தேன்.

உண்மை தெரிந்தபோது வெட்கமாகிவிட்டது. 1967 ஜனவரி இறுதியில், வேறொரு பாடலுக்கான படப்பிடிப்புக்காகக் கென்ட் மாவட்டத்துச் செவனோக்ஸுக்குப் போன, பாடலை எழுதிய பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன், அங்கே ஒரு பழம்பொருள் கடையில் 1843 பிப்ரவரி 14 அன்று ராச்டேல் நகரில் நடக்கவிருந்த சர்க்கஸின் சுவரொட்டியை வாங்கினார். கைட், ஹெண்டர்சன் என்ற சர்க்கஸ் கலைஞர்கள், நெருப்புப் பீப்பாய், உலகத்துக்கே விடும் சவால் ஆகிய அனைத்தும் அதில் அச்சாகியிருந்தவை. சொற்களெல்லாம் தம் கண்ணெதிரே இருந்தன என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் மாற்றியவை சொற்பமே: ராச்டேல் பிஷப்ஸ்கேட் ஆயிற்று, சாந்தஸ் என்ற குதிரை ஹென்றி ஆயிற்று. அந்த 'ஹென்றி', 'குதிரை' என்ற இரண்டு சொற்களும் ஹெராயினுக்கான குழூஉக்குறிகள் என்று ஐயுற்றுத்தான் பிபிசி பாடலை ஒலிபரப்பாமல் விட்டது என்பார்கள். லெனன் அதை மறுத்தார். பிபிசியும் நானும் ஒரே தவற்றைச் செய்திருக்கிறோம் என்பது ஓர் அற்ப ஆறுதல்.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு: சொற்கள் சுவரொட்டியில் இருந்து வந்தவை என்பது சரியே, ஆனால் தலைசுற்றல் அதில் இருந்து வரவில்லை. நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஸ்பூல் நாடாவைப் பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டிப் பிழைத்தவன். ஒரு பாடகரின் இருமலை நீக்கவே மூன்று முறை அளந்து வெட்டுவோம். இந்தப் பாடலுக்காகத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், நீராவி ஆர்கன் இசையின் பழைய பதிவுகளைத் துண்டு துண்டாக வெட்டச் செய்து, அவற்றை மேலே வீசி, விழுந்தபடி பொறுக்கி ஒட்டச் சொன்னார் என்று படித்த அன்று எனக்குக் கை நடுங்கியது. சில துண்டுகள் தலைகீழாகவும் ஒட்டப்பட்டிருந்தன. சர்க்கஸ் களத்தில் பரப்பும் மரத்தூளின் வாசனை வர வேண்டும் என்று லெனன் கேட்டதற்கு மார்ட்டின் கண்ட வழி அது. அதே பாடலில் அவர் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியமும் வாசித்திருக்கிறார்; நாடக மேடையருகே கால்பெட்டி ஆர்மோனியம் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த மூச்சிரைப்பு உடனே பிடிபட்டது. குதிரை ஆடத் தொடங்கியதும் தாளம் நான்கில் இருந்து மூன்றுக்கு மாறுவதைக் கவனித்துப் பாருங்கள்.

* * *

என்னைப் பிடித்துக்கொண்டது தலைப்பில் உள்ள 'பெனிஃபிட்' என்ற சொல்தான். ஒரு காட்சியின் வருமானத்தைக் குறிப்பிட்ட கலைஞருக்கென்று ஒதுக்குவது அக்கால வழக்கம். ஆகவே அந்தச் சுவரொட்டி, இன்றிரவு வந்து கைட்டுக்கும் ஹெண்டர்சனுக்கும் உதவுங்கள் என்ற வேண்டுகோள். சர்க்கஸின் உரிமையாளர் பாப்லோ ஃபான்க், நாரிச்சில் வில்லியம் டார்பி என்ற பெயரில் பிறந்த கறுப்பினத்தவர். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் சொந்த சர்க்கஸ் நடத்தியவர். சுவரொட்டியில் கைட் வெல்ஸ் சர்க்கஸில் முன்பு இருந்தவர். பாடலிலோ ஹெண்டர்சன் குடும்பமே ஃபான்க்கிடம் முன்பு இருந்ததாக மாறிவிடுகிறது. அன்றிரவு கூடாரத்தின் முதலாளியாக இருந்தவரை லெனன் ஒரே சொல்லில் பழைய முதலாளி ஆக்கிவிட்டார். இதைக் கவனித்த பிறகு பாடலைக் கேட்கும்போதெல்லாம், வாசலில் நின்று சீட்டு விற்கும் ஒருவரின் குரலாகவே அது எனக்குக் கேட்கிறது.