அசிட்ரோம் சாப்பிடும் அம்மா முருங்கைக்கீரையை அறவே விட வேண்டுமா?

மதுரைக்காரி:
அம்மாவுக்கு 58 வயது. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலில் இதயத்தின் மைட்ரல் வால்வு கெட்டு, ஆறு வருடத்துக்கு முன் உலோக வால்வு வைத்தார்கள். ராத்திரி ஃபேனை நிறுத்தினால் நெஞ்சில் டிக் டிக்கென்று கேட்கும். வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க தினமும் மாலை 6 மணிக்கு அசிட்ரோம் மாத்திரை, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்க மாதம் ஒரு ஐஎன்ஆர் டெஸ்ட். 2.5-இலிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும்; குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் கசியும்.

போன வாரம் 1.6! மாத்திரை ஒருநாளும் விடவில்லை என்று சத்தியம் செய்கிறார். அப்புறம்தான் கதை வெளியே வந்தது. "உனக்கு ரத்தம் கம்மி" என்று பக்கத்து வீட்டு அத்தை மூன்று வாரமாக முருங்கைக்கீரை பறித்துக் கொடுத்திருக்கிறார். பொரியல், அடை, சூப்பு, ஒன்று பாக்கியில்லை. டாக்டர் டோஸைக் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரத்தில் வரச் சொன்னார். இப்போது பயந்துபோய் கீரைப் பக்கமே போகமாட்டேன் என்கிறார். சரியா?

வால்வு அண்ணாச்சி:
அதுதான் ஆபத்து, தங்கச்சி. கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்யும். டோஸையும் கூட்டி, கீரையையும் ஒரேயடியாக நிறுத்தினால் ஐஎன்ஆர் எகிறிவிடும். எனக்கு அப்படித்தான் 5.8 போனது, பல் தேய்த்தால் வாயெல்லாம் ரத்தம். இப்போது செவ்வாய், வெள்ளி ஒரு கிண்ணம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அம்மா கீரையை விட்டதை டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ ஆட்டோ பிடித்தாவது உடனே ஆஸ்பத்திரி.

கடலூர்க்காரன்:
என் அப்பாவுக்கு டாபிகாட்ரான், அதுவும் ரத்தம் கட்டாமலிருக்கத் தரும் மாத்திரைதான். ஐஎன்ஆர் தொல்லையே இல்லை. மாற்றிக் கேளுங்களேன்?

வால்வு அண்ணாச்சி:
உங்கள் அப்பாவுக்கு இதயத் துடிப்புக் கோளாறாக இருக்கும், தம்பி. உலோக வால்வுக்கு அது கூடாது. 2013-இல் வெளியான ஆய்வில் ரத்தக் கட்டி, ரத்தக்கசிவு இரண்டுமே அதிகமானதால் பாதியில் நிறுத்தினார்கள்.

லேப் அக்கா:
எல்லாரும் கீரையையே பிடித்துக்கொண்டீர்கள். "ரத்தம் கம்மி" என்று யார் சொன்னது? ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? இந்த மருந்து சாப்பிடுபவருக்கு ரத்தம் குறைந்தால் வயிற்றுக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மலம் கறுப்பாகப் போகிறதா? மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்குகிறாரா? அதுவும் வயிற்றில் கசிய வைக்கும்.

மதுரைக்காரி:
முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் அட்டை ஒன்று தலையணைக்கு அடியில் கிடைத்தது. மலம் பற்றிக் கேட்டேன், முறைத்தார்; பதில் சொல்லவில்லை. காலையிலேயே கூட்டிப் போகிறேன்.