பழைய ஜப்பான் லெஸ் பால் நகல்: எந்தத் தொழிற்சாலை, என்ன விலை பெறும்?

நண்பர்களே வணக்கம், கிட்டார் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

டோக்கியோவில் ஒரு பழைய பொருள் கடையில் 70களில் வந்த, கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் மின்கிட்டாரின் நகல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். தலையில் பெயர் இல்லை, எழுத்து உரிந்த தடம் மட்டும்தான். கழுத்தை நான்கு திருகுகள் பிடித்திருக்கின்றன. பின்தகட்டில் 'ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக்' என்று பொறித்திருக்கிறது. மேல்பலகையைத் தட்டினால் நடுவில் வெற்றொலி கேட்கிறது. ஒட்டுப்பலகையை வளைத்து, அடியில் இடைவெளி விட்டுச் செய்த வேலை. தொடக்ககால நகல்களில் இது சகஜம்.

தகட்டைப் பார்த்ததும் மாட்சுமோகு தொழிற்சாலையின் வேலை என்கிறார் ஒரு நண்பர். ஆனால் அது இருந்த அதே மாட்சுமோட்டோ ஊரில்தான் இபனேஸ் கிட்டார்களைச் செய்த ஃபுஜிஜென் தொழிற்சாலையும் இருந்தது. இபனேஸ் என்றால் 1975க்குப் பிறகு வந்தவற்றில் வரிசை எண்ணின் முதல் எழுத்து மாதத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் வருடத்தையும் சொல்லிவிடும். இதில் எண்ணே இல்லை.

கடைக்காரர் 'லாசூட் கிட்டார்' (வழக்குக்கு உள்ளான நகல் என்ற பொருளில் வழங்கும் பெயர்) என்று சொல்லி 60,000 யென் கேட்கிறார். அந்தப் பெயருக்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்கக்கூடாது என்பது என் எண்ணம். 1977ல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின் தொடுத்த வழக்கு இபனேஸை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மீது, அதுவும் தலையின் வடிவத்துக்காக.

சரி, பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பாகம்) கழற்றிப் பார்க்கக் கடைக்காரர் சம்மதித்திருக்கிறார். அடியில் என்ன முத்திரையைத் தேட வேண்டும்? திருகுக் கழுத்து, வெற்று உடல் என்றால் நியாயமான விலை எவ்வளவு? கையில் வைத்து வாசித்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.