லெந்து நாட்களுக்குப் பின்னும் குடும்ப ஜெபம் நிலைக்க ஆலோசனை வேண்டும்

ஐக்கியத்தார் அனைவருக்கும் ஸ்தோத்திரம். களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலைப் பக்கமுள்ள எங்கள் சிறிய தமிழ்ச் சபையில், சாம்பல் புதன் முதல் உயிர்த்தெழுந்த ஞாயிறு (ஈஸ்டர்) வரையுள்ள லெந்து என்னும் தவக்காலத்தில் வீட்டு ஜெபம் குறைவின்றி நடக்கிறது. ஈஸ்டரிலிருந்து ஐம்பதாம் நாளான பெந்தெகொஸ்தே கழிந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த நாட்களாகிய அட்வெந்து வரையுள்ள ஏறத்தாழ 6 மாதங்களில்தான் எல்லாம் தளர்ந்துவிடுகிறது. சமைக்கும்போது சபைக்கென ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கும், அடுப்படியிலுள்ள பிடியரிசிக் கலயம்கூட அப்போது வெறுமையாகவே இருக்கிறது.

ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே தோட்டத்துக்குப் போய்விடுவதால் காலை ஜெபத்துக்கு வழியில்லை. மாலையிலோ, மலையாளப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கும்வரை காத்திருக்கப் பெரியவர்களுக்குப் பொறுமை இல்லை (பெரிய தடை இதுதான் என்பது என் எண்ணம்).

வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து நாளுக்கு ஒரு சங்கீதம் என வைத்து, 176 வசனங்களுள்ள 119-ஆம் சங்கீதத்தை மட்டும் எட்டெட்டு வசனமாக 22 நாட்களுக்குப் பிரித்தால், 150 சங்கீதங்களும் 171 நாட்களுக்கு வரும். இம்முறையைக் கைக்கொண்ட குடும்பங்கள் இருந்தால், இடையில் விட்டுப்போன நாட்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். வாசிப்போடு நில்லாமல், வேலையாளின் கூலியை அன்றன்றே கொடுப்பது, அயல்வீட்டாரோடுள்ள எல்லை வழக்கைத் தீர்த்துக்கொள்வது போன்றவற்றையும் வீட்டு ஜெபத்தில் மனம் நோகாமல் பேசுவது எப்படி என்பதையும் அனுபவமுள்ள மூப்பர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.